பேச்சு சுத்தம்

“இன்னா மாமே, எப்டிக்கீற? சோறு துன்ட்டியா?”

துணி மடித்துக்கொண்டிருந்த சங்கீதாவின் கை அப்படியே நின்றது. மூடிய அறைக்குள்ளிருந்து கேட்டது அவள் மகள் நந்தினியின் குரல். பிளஸ் டூ படிக்கிறவள். நெய்வேலி டவுன்ஷிப்பில், ஆபீசர் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள்.

“அய்ய, பிலிம் காட்டாத மாமே. எனக்கு இன்னா பயம்? ஞாயித்துக்கெழம வடலூர் பஸ் ஸ்டாண்டாண்ட கரீட்டா வந்து நிப்பேன்.”

சங்கீதா கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். எவனோ ஒருத்தன். அதுவும் பஸ் ஸ்டாண்டில்.

ஹாலுக்கு வந்தாள். தரையில் உட்கார்ந்து பாயிஜா ஃபிசிக்ஸ் படித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வடக்குத்து கிராமத்துப் பெண். அவள் அப்பா சாதிக் அலி சுரங்கத்தில் கான்ட்ராக்ட் தொழிலாளி. இருவரும் ஒரே வகுப்பு என்பதால் பரீட்சைக்குச் சேர்ந்து படிக்க வருகிறாள்.

“பாயிஜா, உள்ள அவ யார்கிட்ட பேசறா?”

“தெரியலீங்க ஆன்ட்டி.” தலை நிமிரவில்லை.

“உனக்குத் தெரியாம இருக்குமா? நீ வர ஆரம்பிச்சப்புறம்தான் அவளுக்கு இந்தப் பேச்செல்லாம்.”

“எங்க வூட்ல இப்டி பேச மாட்டோம் ஆன்ட்டி. இது மெட்ராஸ் பேச்சு. ஸ்கூல்ல இப்ப எல்லாருமே பேசறாங்க. ரீல்ஸ்ல வருது. பெரிய ஆபீசர் பசங்கதான் ரொம்பப் பேசறாங்க.”

“அவங்க விளையாட்டுக்குப் பேசலாம். உங்களுக்கு அதுதான் பேச்சே. மெட்ராஸோ வடக்குத்தோ, கான்ட்ராக்ட் வீட்டுப் பேச்சு எல்லாம் ஒண்ணுதான்.”

பாயிஜா புத்தகத்தை மூடினாள்.

“நாளைலேர்ந்து வர வேணாம். உங்க வீட்டுலயே படிச்சுக்க.”

“சரிங்க ஆன்ட்டி. எங்கிட்ட கைடு இல்ல. இத மட்டும் எடுத்துகினு போயி, காலைல ஸ்கூல்ல நந்தினிகிட்ட குடுத்துடட்டுமா?”

“எடுத்துகினு, போயிகினு. பாரு, இதத்தான் சொல்றேன்.”

பாயிஜா கைடை டீப்பாய் மேல் வைத்தாள். ஓரம் சரியாக இருக்கும்படி ஒருமுறை நகர்த்தியும் வைத்தாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டவள் திரும்பினாள்.

“அவள அடிச்சிடாதீங்க ஆன்ட்டி. அவரு ரொம்ப நல்லவருங்க.”

அவரு. சங்கீதா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். பையன் என்றல்லவா நினைத்தாள். இந்தப் பெண் ‘அவரு’ என்று சொல்கிற வயசில் ஒரு ஆளா?

கணவன் அறிவுச்செல்வனுக்கு போன் போட்டாள். அவன் எண் பிஸியாக இருந்தது. மறுபடி போட்டாள். பிஸி. மைன்ஸ் ஆபீஸில் எப்போதும் ஏதாவது அவசரம்.

கிடைத்தாலும் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. வீட்டு வேலை செய்கிற பெரியநாயகியைக்கூட ‘வாங்க, போங்க’ என்கிற மனுஷன். வீட்டில் நாலு வார்த்தை சேர்த்துப் பேசினால் அதிசயம். அவன் இருப்பதே அந்த வறட்டு இருமலால்தான் தெரியும். பெண் பார்க்க வந்தபோது, எனக்கு யாருமில்லை, ஹாஸ்டலில் வளர்ந்தேன் என்று சொன்னான். நெய்வேலியில் எல்லோரும் எங்கிருந்தோ வந்தவர்கள்தான். யாரும் யாரையும் தோண்டிக் கேட்பதில்லை. சங்கீதாவின் அப்பாவும் கேட்கவில்லை.

“ஆளில்லன்னா என்னம்மா, பேச்சு எவ்வளவு சுத்தமா இருக்கு பாரு. அதுலயே குடும்பம் தெரியுது” என்று சொல்லித்தான் கட்டிக்கொடுத்தார்.

அப்படிப்பட்டவனின் பெண் பஸ் ஸ்டாண்டில் எவனுக்காகவோ காத்திருக்கப் போகிறாள்.

அறைக்குள் நந்தினி மறுபடி சிரிப்பது கேட்டது. அதற்கு மேல் சங்கீதாவால் பொறுக்க முடியவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு போய் போனைப் பிடுங்கினாள்.

“அம்மா, வேணாம்மா. ப்ளீஸ்மா.”

“வாயத் தொறந்த, கொன்னுடுவேன்.”

மகளின் வாயை ஒரு கையால் பொத்தி, போனைக் காதில் வைத்தாள். எவன் என்று தெரியட்டும், குரலை வைத்தே அவனைப் போலீஸில் பிடித்துக் கொடுக்கிறேன் என்று மூச்சை அடக்கிக்கொண்டாள்.

மறுமுனையில் ஒரு ஆண் குரல். தடித்த, உற்சாகமான, அவள் இதுவரை கேட்டேயிராத குரல்.

“இன்னா மாமே, சத்தத்தயே காணோம்? உங்கம்மா வந்துச்சா? அது காதுல மட்டும் வுழுந்துச்சு, நாம ரெண்டு பேரும் காலி.”

சொல்லிவிட்டு அவன் சிரித்தான். வயிறு குலுங்கச் சிரிக்கிற சிரிப்பு. அந்தச் சிரிப்பையும் அவள் கேட்டதில்லை.

சிரிப்பு முடிகிற இடத்தில் இருமல் வந்தது. வறட்டு இருமல். தினம் தினம் பக்கத்துத் தலையணையில் அவள் கேட்கிற இருமல்.

நந்தினியின் வாயைப் பொத்தியிருந்த கை தானாக நழுவியது. குரல் தொடர்ந்தது.

“கேட்டுக்கோ நந்து. ஞாயித்துக்கெழம அத்தையாண்ட இதே மேரி பேசு. டவுன்சிப் பொண்ணு கணக்கா பேசுனா பயந்துகினு வாயே தொறக்காது. காசிமேட்டுல மீன் கூடையத் தூக்கி என்னப் படிக்க வெச்சுது எங்கக்கா. எங்க கல்யாணத்தயே, மண்டபத்துக்கு எதுர்ல ரோட்டாண்ட நின்னுகினுதான் பாத்துட்டுப் போச்சு.”