கீழ்வீட்டுக்குக் கேட்கட்டும்

"அடியில நுரை விரிப்பு போட்டுடலாம்மா. நடக்கிற சத்தம் கீழ்வீட்டுக்குப் போகாது" என்றார் தரை போட வந்தவர்.

"அது வேண்டாம்" என்றாள் வீட்டுக்காரி.

"பலகை மெல்லிசும்மா. பேருக்குத்தான் மரம், எல்லாம் வினைல். விரிப்பு இல்லாட்டி நீங்க ஒரு ஸ்பூனைத் தவறவிட்டாலும் அவங்களுக்குக் கேக்கும்."

"கேக்கட்டும்."

ஜன்னலோரம் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அவள் கணவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கீழ்வீட்டு அம்மாள் இறந்து முழுசாக இரண்டு மாதம் ஆகவில்லை. அந்த மனிதர் ஒண்டியாகக் கிடக்கிறார். பழி வாங்க இதுதானா நேரம்?

பழி பழையது. முப்பது வருஷத்துக்கு முன் இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்றைக்கே, நாலு வயது மகன் வெற்றுத் தரையில் குதித்து ஓட, காலடியிலிருந்து டொக், டொக் என்று சத்தம் வந்தது. கீழ்வீட்டுக்காரர் ஒட்டடைக் கம்பால் தன் வீட்டுச் சீலிங்கை இடித்துக்கொண்டிருந்தார். மறுநாளும் டொக், டொக். அடுத்த வாரமே வீடு முழுக்கக் கார்ப்பெட் விரித்தார்கள். மகன் அவருக்கு டொக்டொக் மாமா என்று பேர் வைத்துவிட்டு, நுனிக்காலில் நடக்கக் கற்றுக்கொண்டான். அப்புறம் பிறந்த மகள் முதல் அடியையே நுனிக்காலில்தான் வைத்தாள். அந்தப் பழக்கம் யாருக்கும் போகவில்லை. மகன் இன்றைக்கும் பூனை மாதிரி பின்னால் வந்து நின்று பெண்டாட்டியை அலற வைக்கிறானாம்.

தரைக்காரர் கார்ப்பெட்டின் ஓரத்தைப் பிடித்து இழுத்தார். ஆணிகள் ஒவ்வொன்றாக விட்டன. வாங்கியபோது கரும்பச்சை. சோபாவுக்கு அடியில் மட்டும் அந்தப் பச்சை நேற்று வாங்கியதுபோல் இருந்தது. மற்ற இடமெல்லாம் நிறம் போய், நூல் தெரிந்தது. இஸ்திரிப் பெட்டி சுட்ட முக்கோணம். படுக்கையறையிலிருந்து ஜன்னல்வரை ஒற்றையடிப் பாதைபோல ஒரு தேய்மானம். வயிற்றுவலியில் வீறிட்ட மகளைத் தோளில் போட்டுக்கொண்டு இவள் நடந்து நடந்து விழுந்த தடம்.

அதையும் சேர்த்துச் சுருட்டியபோது கணவர் பேப்பரைக் கீழே வைத்தார்.

"பொண்ணு தவழ்ந்த கார்ப்பெட். உனக்கு ஒண்ணுமே தோணலையா?"

"தோணுது. அதுக்காக, சட்டம் போட்டு மாட்டவா முடியும்?"

"சரி, அந்த நுரையையாவது போடச் சொல்லு. பாவம், அவர் துக்கத்துல இருக்கார்."

"தெரியும்."

"தெரிஞ்சேவா? நீ மனுஷியா, இந்தப் பலகையா?"

தரைக்காரர் காதில் எதுவும் விழாததுபோலப் பலகையைக் கத்தியால் கீறி, முழங்காலில் வைத்து ஒடித்தார்.

வேலை முடிந்த மறுநாள் அவள் கெட்டி அடி வைத்த செருப்பு ஒன்றை வாங்கி வந்தாள். வீட்டுக்குள் போட்டுக்கொண்டு, காலையும் மாலையும் சமையலறைக்கும் ஜன்னலுக்கும் நடந்தாள். டக், டக், டக். முழங்கால் வலிக்காரி, நடுநடுவே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு மறுபடியும் டக், டக்.

கணவர் மகளிடம் போனில் புலம்பினார்.

"அம்மாவா? நம்பவே முடியலப்பா. நான் பந்து உருட்டினாலே காதைத் திருகினவங்களாச்சே!"

"அதான் எனக்கும் புரியல. இத்தனை வருஷம் மனசுக்குள்ள வச்சிருந்திருக்கா."

அவளுக்கும் சேர்த்து அவர் மெதுவாக நடந்தார். பூவை மிதிப்பதுபோல அடி வைத்தார். நாற்காலியைத் தூக்கித்தான் நகர்த்தினார். கீழேயிருந்து கம்பு இடிக்கும், இடிக்கும் என்று காத்திருந்தார். இடிக்கவில்லை. இடித்திருந்தால்கூட இவ்வளவு கூசியிருக்காது.

நாலாம் நாள், அவள் கடைக்குப் போன சமயம் பார்த்து, படியிறங்கிப் போய்க் கதவைத் தட்டினார்.

டொக்டொக் மாமா திறந்தார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். இளைத்திருந்தார்.

"சார், மன்னிச்சுக்கணும். அவ ஏன் இப்படிப் பண்றான்னு எனக்கே தெரியல. நாளைக்கே ஆளைக் கூப்பிட்டுப் பலகையை எடுத்துட்டு, அடியில..."

"ஐயையோ, எடுத்துடாதீங்க!" மாமா பதறிப்போய் இவர் கையைப் பிடித்துக்கொண்டார். "நான்தான் சார் காரணம்."

"நீங்களா?"

"சத்தம் ஆகாதது எனக்கில்ல, என் சம்சாரத்துக்கு. ஒத்தைத் தலைவலி. காக்கா கத்தினாலே துடிச்சுப் போவா. அவளுக்காகத்தான் கம்பை எடுப்பேன். இப்ப... வீடு கம்முனு கெடக்கு சார். துக்கம் கேக்க வந்தப்ப உங்க வீட்டம்மாகிட்ட வாய் தவறிச் சொல்லிட்டேன். மேல யாராவது நடக்கிறது கேட்டாக்கூடத் துணையா இருக்குமேன்னு. உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னு நான்தான் கேட்டுக்கிட்டேன். இத்தனை வருஷம் இடிச்சுட்டு, எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு..."

இவர் அண்ணாந்து அந்த வீட்டுச் சீலிங்கைப் பார்த்தார்.

"அம்மா நடக்கிறது நல்லாக் கேக்குது சார். காபி போடப் போறாங்க, ஜன்னலைத் திறக்கிறாங்க, எல்லாம் தெரியுது" என்ற மாமா, கொஞ்சம் தயங்கினார்.

"உங்க நடை மட்டும்தான் கேக்கவே மாட்டேங்குது. இன்னும் எம்மேல கோபமா சார்?"