பட்டறைக்கு ஒரு ஷார்ப்பனர்

"கைப்பிடி வச்ச பென்சில் ஷார்ப்பனரே இருக்குங்க. மேசையில மாட்டிக்கலாம்" என்று ஹஃப்ஸா செல்போனில் சொன்னாள். கீழ்வேளூர்க் கடைத்தெருவில் அவள் ஏறிய மூன்றாவது கடை அது.

"அதுல பிளேடு நிக்காது புள்ள. நாகப்பட்டினத்துல பாரு" என்றார் தமாமிலிருந்து சித்தீக்.

"என்னை நிக்காஹ் பண்ணக்கூட இவ்வளவு யோசிக்கலியே நீங்க!"

அவர் சிரித்தார். சவூதிக்குப் போய்த் தச்சு கற்றவர், ஊர் திரும்பி வீட்டுக் கொட்டகையில் பட்டறை போடுவதாக இருந்தார். நல்ல ஷார்ப்பனர் அமைந்ததும் டிக்கெட் எடுப்பதாகப் பேச்சு.

நாகப்பட்டினத்தில் வாங்கிக்கொண்டு அவள் வீடு திரும்பியபோது அவர் மவுத்தான செய்தி வந்திருந்தது. அடக்கமும் தமாமிலேயே.

பிறகு அவருடைய பெட்டியை அறைத்தோழன் ஃபாஜில் கொண்டுவந்தான். உள்ளே தட்டையான பென்சில்கள். ஹஃப்ஸா ஒன்றை எடுத்து ஷார்ப்பனரில் நுழைத்தாள்.

"நுழையாது லாத்தா. தச்சுப் பென்சில் தட்டையாத்தான் இருக்கும். உளியாலதான் சீவுவோம்."

"அவருக்குத் தெரியாதா?"

ஃபாஜில் தலைகுனிந்தான். "தெரியும் லாத்தா. ஆஸ்பத்திரிக் கட்டில்லேருந்துதான் உங்ககிட்ட பேசினாரு. 'அவ தேடிக்கிட்டே இருக்கட்டும்டா, எப்ப வருவீங்கன்னு கேக்க மாட்டா'ன்னாரு."

கொட்டகை மேசையில் அந்த ஷார்ப்பனர் இன்றும் இருக்கிறது. சீவல் விழும் டப்பா காலியாகவே இருக்கிறது.