வெள்ளைக்கரு

“நமத்துப் போச்சு” என்றான் அருள்பாண்டி.

ஸ்ட்ரிப் மஞ்சளாகவே இருந்தது. மனைவி செல்வலட்சுமியின் சிறுநீரில் முக்கி எடுத்து முழுசாக ஒரு நிமிடம் ஆகிவிட்டது. பத்து மாதமாக ஞாயிறு தவறாமல் பச்சைக்கு ஓடிய சனியன், இன்றைக்கு அசைவேனா என்கிறது.

நாரணாபுரம் பட்டாசுக் கம்பெனியில் சாம்பிள் வெடித்துப் பார்க்கிற ஆள் அவன். பன்னிரண்டு வருசப் பிழைப்பு. பற்ற வைத்தது சும்மா கிடந்தால் அவனுக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான். சரக்கு ஈரம் குடித்திருக்கிறது.

இன்னொன்றை எடுத்து முக்கினான். அதுவும் மஞ்சள்.

“அந்த மருந்துக் கடைக்காரனை இன்னைக்கு உண்டு இல்லன்னு ஆக்கிப்புடுதேன் பாரு.”

செல்வலட்சுமி துவைகல்லில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். மாத்திரை தின்று தின்று முகம் பூரி மாதிரி உப்பியிருந்தது. தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று அவனுக்குப் பக்கென்றது.

அழாமல் என்ன செய்வாள் பாவம்? கிட்னி ஒழுகி, உடம்புச் சத்தெல்லாம் சிறுநீரில் போகிறது. சத்து போனால் ஸ்ட்ரிப் பச்சை, நின்றால் மஞ்சள். வடை பக்கம் தலைவைத்துப் படுக்காதவளுக்கு ரத்தத்தில் கொழுப்பு வேறு ஏறிக் கிடக்கிறது. அது தின்ற கொழுப்பில்லை, சத்து போகிற பதற்றத்தில் ஈரல் அள்ளிக் கொட்டுகிற கொழுப்பு என்று விருதுநகர் டாக்டரம்மா விளக்கிய பிறகுதான் ஊர் வாய் அடங்கியது.

மூன்று நாள் சேர்ந்தாற்போல மஞ்சளாக நின்றால் மாத்திரையைக் குறைத்துவிடலாம், நிற்காவிட்டால் அதைவிடக் கடுமையான மருந்துதான் என்றும் சொல்லியிருந்தார். புதன்கிழமை போகவேண்டும்.

அதனால்தான் இந்த மஞ்சளை நம்ப அவனுக்குத் தைரியம் வரவில்லை. நம்பிவிட்டு, பொய்யென்று ஆனால் அவள் தாங்குவாளா?

கம்பெனியில் திரி மேல் சந்தேகம் வந்தால், அதை நல்ல சரக்கில் செருகிப் பார்ப்பார்கள். ஒழுகுவது வெள்ளைக்கருவில் இருக்கிற மாதிரியான சத்து என்று டாக்டரம்மா சொன்னது சட்டென்று ஞாபகம் வந்தது. அடுக்களைக்கு ஓடி ஒரு முட்டையும் டம்ளருமாக வந்தான்.

“மஞ்சக்கரு விழாமப் பாத்து ஊத்துங்க. அரை டம்ளர் தண்ணி போதும்” என்றாள் செல்வலட்சுமி.

ஊற்றினான். கலக்கினான். முக்கினான்.

ஸ்ட்ரிப் பச்சையானது. அப்படியொரு பச்சை!

ஸ்ட்ரிப்புக்கு ஒன்றும் இல்லை. அப்படியென்றால் ஒழுகல் நின்றிருக்கிறது.

அருள்பாண்டி போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு ராமுத்தாய் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தாள். டம்ளரைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கும் கொல்லைக்குமாக ஓடினான். வெடிக்காத ஒன்றுக்காக வாழ்க்கையில் முதல் தடவையாகக் கைதட்டினான். சந்தோசம் தாங்காமல் கண் கரித்தது.

“இன்னும் ரெண்டு நாளு புள்ள! ரெண்டே நாளு!”

அவள் முந்தானையை எடுத்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். இவ்வளவு நேரமும் பொத்தி வைத்திருந்தது சிரிப்பைத்தான்.

அவன் நின்றான். முட்டை எதற்கென்று அவளிடம் சொல்லவே இல்லையே.

அவளும் போன வருசம் வரை அதே கம்பெனியில் திரி செருகியவள்தான்.

வெள்ளிக்கிழமை என்றால் வீட்டுக்குள் முட்டையை உடைக்கவே விடமாட்டாள். முந்தாநாள் வெள்ளி ராத்திரி கேட்காமலே ஆம்லேட் போட்டுத் தந்தாள். பேருக்குக்கூட வெள்ளை இல்லாமல், முழுக்க மஞ்சளாக இருந்தது. நாட்டு முட்டை அப்படித்தான் என்றாள். அந்த வெள்ளை எந்த டம்ளருக்குப் போனது என்று இப்போதுதான் புரிந்தது.

வெள்ளி, சனி, ஞாயிறு என்று அருள்பாண்டி ஒவ்வொரு விரலாக மடக்கினான்.