கேட்ட விலை

"பையனுக்கு ரெண்டு அடி பட்டிருக்குங்கய்யா. அதுக்கு நஷ்டஈடு குடுத்துடறோம். கேஸு கீஸுன்னு போகாம நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா போதும்" என்றார் போலீஸ் தரப்பு வக்கீல்.

திரைச்சீலைக் கடைக்காரர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

மகனை நேற்று மாலை இந்தக் கல்லாவிலிருந்துதான் ஜீப்பில் ஏற்றிப் போனார்கள். யாரோ செய்த திருட்டு, யாருடையதோ சாயல். ஆள் மாறிப்போச்சு, சாயங்காலம் விட்டுடுவோம் என்று இன்று காலை ஸ்டேஷன் வாசலில் சொன்னார்கள். உள்ளே போய்ப் பார்க்க விடவில்லை.

போலீஸிடம் நஷ்டஈடு வாங்குவது ஆமையிடம் மயிர் பிடுங்குகிற கதை. கோர்ட்டு வராந்தாவில் செருப்புத்தான் தேயும். அவர்களே கடை தேடி வக்கீலை அனுப்பியிருக்கிறார்கள். வலிய வரும் சீதேவியை எட்டி உதைப்பானேன்?

"அஞ்சு லட்சம்" என்றார். ஐந்து சொன்னால்தானே ஒன்றில் வந்து நிற்கும்.

"சரிங்கய்யா."

தொங்கவிட்ட துணிகளுக்குப் பின்னால் கொக்கி மாட்டிக்கொண்டிருந்த மனைவியின் வளையல் சத்தம் நின்றது.

கடைக்காரர் வக்கீலின் முகத்தைப் பார்த்தார்.

கிழிசல் துணியைக்கூடப் பாதி விலைக்குக் கேட்கிற ஊர் இது. இந்த மனுஷன் முகம்கூடச் சுளிக்கவில்லை. சொன்ன விலைக்குத் தலையாட்டுகிறவனுக்குச் சரக்கைப் பற்றி நமக்குத் தெரியாத ஏதோ ஒன்று தெரியும்.

"அஞ்சுன்னது கைக்கு மட்டும் சார். காலு, முதுகு எல்லாம் சேர்த்தா பதினஞ்சு."

திட்டு, என்று மனசுக்குள் கெஞ்சினார். கோபித்துக்கொண்டு எழுந்து போ. வாசல் வரை போய்த் திரும்பி வா.

முன்னால் வைத்த தண்ணீரை வக்கீல் தொடவே இல்லை. ஒரு பச்சைத் துணியின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டிருந்தார்.

"பதினஞ்சே போட்டுக்கலாங்கய்யா."

கடை வைத்த நாளிலிருந்து கடன் சொன்னவன், ஏமாற்றியவன், கல்லெறிந்தவன் எல்லோரையும் பார்த்தாயிற்று. ஒருத்தனும் இப்படிப் பயமுறுத்தியதில்லை.

"நாப்பது" என்றார். குரல் கீச்சிட்டது. கடையைச் சரக்கோடு விற்று, தன்னையும் சேர்த்து விற்றாலும் தேறாத தொகை.

வக்கீல் வாசலுக்குப் போய்ப் போனில் தணிந்த குரலில் பேசினார். முடியாது என்று சொல்லட்டும், முடியாது என்று சொல்லட்டும் என்று கடைக்காரர் வேண்டிக்கொண்டார். தன் பேரம் படியக் கூடாது என்று அவர் வேண்டியது வாழ்க்கையில் அதுதான் முதல் முறை.

"ஒத்துக்கிட்டாங்க" என்றார் திரும்பி வந்த வக்கீல், தரையைப் பார்த்தபடி.

கடைக்காரர் கல்லாவைப் பிடித்துக்கொண்டார். "அடி வாங்கினவன் அவன் சார். இருபத்தேழு வயசு ஆம்பளை. அவனைக் கூட்டிட்டு வாங்க. கையெழுத்தை அவனே போடட்டும்."

"அவர் வேண்டாங்கய்யா. நீங்க போட்டாலே செல்லும்."

வளர்ந்த மகனுக்காக அப்பன் போட்டால் செல்லுபடியாகிற கையெழுத்து எது என்று அவருக்குத் தெரியும். அண்ணன் செத்தபோது அப்பா வாரிசாகப் போட்டதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்.

துணிகள் விலகின. மனைவி முகமெல்லாம் மலர்ந்து வந்தாள். அவளும் வியாபாரி பெற்ற பெண்தான். வக்கீலுக்குக் கேட்காதபடி அவர் காதோரம் குனிந்தாள்.

"இன்னும் கொஞ்சம் கேளுங்க."