தேர்வுக்கு ஒரு வாய்

"தாத்தா வாய் நாறுது" என்று எம்மெட் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

விருந்து மேசையில் எல்லோரும் தட்டிலிருந்த வான்கோழிக் கறியைப் பார்த்தார்கள். ஆர்வோ பேரனை மடியிலிருந்து இறக்கிவிட்டு, கையால் வாயை மூடிக்கொண்டார்.

பாத்திரம் கழுவும்போது மகள் ப்ரிட்டா பிடித்துக்கொண்டாள்.

"ஏம்ப்பா, பல் சுத்தம் பண்றதுக்குன்னே காலேஜ்ல படிக்கிறேன். ஊரான் வாயெல்லாம் சுரண்டறேன். நீ பல்லே தேய்க்கலேன்னா என்னை என்னன்னு நினைப்பாங்க?"

"கொஞ்ச நாள் போகட்டும்."

"நாளைக்கே வா. நானே காரையை எடுத்து விடறேன்."

"இப்ப வேண்டாம் ப்ரிட்டா."

"அப்ப எம்மெட்டைக் கொஞ்சாதே."

ஆர்வோ தலையாட்டினார். அதன் பிறகு பையனைத் தொடவே இல்லை. வந்தால் வாசலில் நின்று கையை மட்டும் அசைத்துவிட்டுப் போனார்.

முப்பது வருஷம் இரும்புச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். பல் தேய்க்காமல் காபியைத் தொடாத மனிதர். அம்மா போனதும் ப்ரிட்டா கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்ததும் ஒரே இலையுதிர் காலத்தில். அம்மாவோடு இவரும் தன்னைப் புதைத்துவிட்டார் என்று நினைத்து அழுவாள். நேரில் பார்த்தால் கோபம்தான் வரும்.

மே மாதம் கடைசித் தேர்வு. பல் சுத்தம் செய்து காட்ட ஒரு ஆளை மாணவிகள் தாங்களே பிடித்து வர வேண்டும். பல்லில் காரை கல்லாக இறுகிய வாயாக இருக்க வேண்டும். ஆள் இல்லையென்றால் தேர்வு இல்லை, உரிமம் இல்லை. சேர்ந்த வாரமே இதைச் சொல்லி அப்பாவிடம் புலம்பியிருக்கிறாள்.

"நான் வரட்டுமா?" என்று போனில் கேட்டார் ஆர்வோ.

"நீ வேற. கூடப் படிக்கிறவங்க முன்னாடி இதான் எங்கப்பான்னு காட்டவா? ஒரு லாரி டிரைவரைப் பிடிச்சு வெச்சிருக்கேன்."

தேர்வன்று லாரி டிரைவருக்கு ரத்த அழுத்தம் எகிறிக் கிடந்தது. இரண்டு முறை பார்த்தார்கள்.

"இவர் வேண்டாம்மா. முக்கால் மணி நேரம் தர்றேன். வேற ஆளைக் கொண்டு வா" என்றார் தேர்வாளர்.

ப்ரிட்டா போனை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினாள். வண்டிகள் நிறுத்துமிடத்தில் அப்பாவின் பழைய டிரக் நின்றிருந்தது. உள்ளே ஆர்வோ, சவரம் செய்த முகத்தோடு, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சும்மாதான். ஒருவேளை தேவைப்பட்டா..."

தேர்வாளர் சின்னக் கண்ணாடியை ஆர்வோவின் வாய்க்குள் விட்டுப் பார்த்தார். "பிரமாதம்! இப்படி ஒரு வாய் கிடைக்கிறதே இல்லை." பிறகு குரலைத் தாழ்த்தினார். "கீழ்வரிசை முன்பல் ரெண்டும் ஆடுதும்மா. இனி நிக்காது."

இரண்டு மணி நேரம். காரை சரளைக்கல் மாதிரி உதிர்ந்தது. ஆர்வோ நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிக்கொண்டு கிடந்தார்.

"முடிஞ்சுதா?" உதட்டில் ரத்தம்.

"முடிஞ்சுதுப்பா. தேறிடுவேன்."

அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு டூத்பிரஷை எடுத்தார். படிப்பில் சேர்ந்த வாரம் அவள் கொடுத்தது. உறை பிரிக்கப்படவில்லை.

"அப்ப இனிமே தேய்க்கலாமில்ல?"