இளவரசியின் மூன்றாம் பாகம்

தாமதமாக வந்ததற்குத் தண்டனையாக மண்டியிட மறுத்த பத்தாம் வகுப்பு மாணவி, தலைமையாசிரியரின் அறையில் நின்றுகொண்டிருந்தாள். அவளுடைய பையிலிருந்து எடுத்த புத்தகத்தை அவர் மேசைமேல் வீசினார்.

"மாயக் குதிரை, மந்திர வாள், ராஜாவையே எதிர்த்துப் பேசற இளவரசி! இதைப் படிச்சுத்தான் கெட்டுப்போனியா?"

"ரெண்டு பாகம் படிச்சிட்டேன் சார். மூணாவது இன்னும் வரலை."

"வாயைப் பாரு! எழுதினவன் மட்டும் கையில கிடைச்சான்னா தோலை உரிச்சிடுவேன். புனைபெயராம் புனைபெயர், கோழைப் பய!"

அருகில் நின்ற வகுப்பாசிரியர் மெல்லக் குனிந்தார். "மண்டி போட்டுடும்மா. ஒரு நிமிஷம்தானே?"

"நீங்களாவது எனக்காகப் பேசுங்க சார். இந்தக் கதையைப் படிச்சிருக்கீங்கள்ல?"

"இந்த மாதிரிக் குப்பையை நான் தொடறதே இல்லை."

அவள் நிமிர்ந்தாள். "தப்புன்னா நின்னுக்கிட்டே மன்னிப்புக் கேக்கறேன் சார். மண்டி போட்டா என் பயம்தான் கேக்கும். நான் கேக்க மாட்டேன்."

அவளைப் பள்ளியிலிருந்து நீக்கும் ஆணையை வகுப்பாசிரியரே முத்து முத்தான எழுத்தில் எழுதிக் கொடுத்தார்.

மாலையில் வீடு திரும்பியதும், முடிவு பிடிபடாமல் மாதக்கணக்கில் கிடந்த மூன்றாம் பாகத்தை எடுத்தார். அவள் சொன்னதை ஒரு சொல்லும் மாறாமல் இளவரசியின் வாயில் வைத்து எழுதி முடித்து, அடியில் தம் புனைபெயரை இட்டார்.