கண்டிப்பான ஆள் தேவை

அட்டைப்பெட்டி அடுக்குக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, வாயைக் கையால் பொத்திக்கொண்டு, "இப்ப பக்கத்துல ஆள் இருக்கு... சரி, சொல்லுங்க, ரெண்டே நிமிஷம்" என்று ஒரு பெண்குரலிடம் குழைந்துகொண்டிருந்தேன். என் மனைவி மட்டும் பார்த்திருந்தால் அன்றைக்கே பெட்டி கட்டியிருப்பாள்.

அந்த அளவுக்கெல்லாம் எனக்குச் சாமர்த்தியம் கிடையாது. அந்தக் குரல், வேலைக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் கன்சல்டன்சி மேடத்துடையது.

பதினான்கு வருடமாக ஒரே குடோனில் ஸ்டோர் இன்சார்ஜாக இருக்கிறேன். இரண்டு தடவை பதவி உயர்வு கேட்டு மனு எழுதினேன். இரண்டுக்கும் பதில் இல்லை. அதனால்தான் எட்டு மாதத்துக்கு முன்பு இணையத்தில் 'முன்னேறுவோம்' என்கிற குழுவில் சேர்ந்தேன். நாற்பதாயிரம் பேர் ஒருவரை ஒருவர் பாராட்டிக்கொள்ளும் இடம் அது.

சேர்ந்த அன்றைக்கே 'சரக்கு மேலாண்மை வியூக நிபுணர்' ஆகிவிட்டேன். யாரும் தடுக்கவில்லை. முதலாளி கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்று பெயருக்குப் பதில் 'குடோன் கிங்' என்றும், கம்பெனி பெயருக்குப் பதில் 'முன்னணி நிறுவனம் ஒன்று' என்றும் போட்டேன். முகத்துக்குப் பதில் ஒரு சிங்கத்தின் படம்.

காலையில் ஒரு தத்துவம், மதியம் ஓர் அறிவுரை, மாலையில் மற்றவர்களின் பதிவுக்கெல்லாம் 'அருமை, அருமை'. 'ஒழுங்கே உயர்வு' என்று நான் எழுதிய பதிவுக்கு மட்டும் இருநூற்றுப் பன்னிரண்டு கைதட்டல். அதை எழுதிய அன்று சரக்குப் பதிவேட்டை நான் திறக்கவே இல்லை என்பது கை தட்டியவர்களுக்குத் தெரியாது.

"இருநூறு பேர் கை தட்டறாங்க, சரி. அதுல ஒருத்தராவது வேலை தர்றாங்களா?" என்று மனைவி கேட்டாள். மூத்தவளின் கல்லூரிக் கட்டணம் அவள் கவலை. குழுவில் என் பதிவுகளைப் பார்த்துத் தேடி வந்த மேடம் மூலம், அந்தக் கேள்விக்குத்தான் இப்போது போனில் பதில் வந்திருந்தது.

"சார், உங்க கடிதத்தை அந்தக் கம்பெனி ஓனர் ரெண்டு தடவை படிச்சாராம்!" என்றார் மேடம்.

எனக்கு இரண்டு அங்குலம் உயரம் கூடியது. குந்தியிருந்ததால் வெளியே தெரியவில்லை.

கடிதத்தின் கதை இதுதான். ஒரு கம்பெனிக்கு ஸ்டோர்ஸ் மேனேஜர் தேவை. இப்போது அந்த வேலையைப் பார்ப்பவரை அனுப்பப் போகிறார்கள். 'நாள் பூரா போனும் கையுமாக இருக்கும் ஆளை நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?' என்று போன வாரம் மேடம் வழியாக ஓனர் கேட்டிருந்தார். நான் முறையாக எண் போட்டு எழுதினேன். ஒன்று, இரக்கம் காட்ட வேண்டாம். இரண்டு, முன்கூட்டிச் சொல்ல வேண்டாம், சொன்னால் அழுவார்கள். மூன்று, சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டு அன்றே அனுப்பிவிடவும்.

"கம்பெனி பேரை இப்பவாவது சொல்லலாமே மேடம்?"

"நேர்ல போய்த் தெரிஞ்சுக்கங்க சார். உங்க பேரையும் நான் அவங்ககிட்ட சொல்லலை. ரெண்டு பக்கமும் ரகசியம், அதான் எங்க முறை."

பெட்டி அடுக்குக்கு மேலே லாரி டிரைவரின் தலை தெரிந்தது. "சார், ஒரு மணி நேரமா நிக்கறேன். ஒரே ஒரு கையெழுத்துதான் சார்."

"மீட்டிங்ல இருக்கேன், தெரியலை?"

"உக்காந்தே நடக்குதா சார்?" என்று கேட்டுவிட்டுத் தலை மறைந்தது.

"யாரு சார் அது?"

"கீழ வேலை பாக்கறவங்க மேடம். ஒரு நிமிஷம் நான் இல்லேன்னா எதுவும் நகராது."

"அதான் சார் அவங்களுக்கு வேணும்! நீங்க எழுதினபடியே செய்யறாராம் ஓனர். நாளைக்குப் பத்து மணிக்குப் பழைய ஆள்கிட்ட சாவியை வாங்கறாங்க. பத்தரைக்கு நீங்க போய் ஓனரைப் பாருங்க. முடிஞ்ச மாதிரிதான்."

"பாவம் மேடம், அந்த மனுஷன்" என்றேன், ஒரு மரியாதைக்காக.

"அவருக்கு ஒண்ணுமே தெரியாதாம் சார்."

"எப்படித் தெரியும்? அந்த மாதிரி ஆளுங்களுக்குத் தன்னைச் சுத்தி என்ன நடக்குதுன்னே தெரியாது மேடம்."

மேடம் சிரித்தார். நானும் சத்தமில்லாமல் சிரித்தேன்.

"இடத்தை மேப்ல குறிச்சு அனுப்பிட்டேன் சார். எவ்வளவு நேரமாகும்னு இப்பவே பாத்து வச்சுக்கங்க. லேட்டாப் போயிடாதீங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

நாளைக்கு விடுப்பு எடுக்க ஓர் இருமல் வேண்டும். இரண்டு தடவை இருமிப் பார்த்தேன், நன்றாகவே வந்தது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்தைச் சரிசெய்துகொண்டு, மேடம் அனுப்பிய மேப்பைத் திறந்து 'வழி காட்டு' என்பதைத் தொட்டேன்.

வட்டம் சுற்றியது. பிறகு போனுக்குள் இருக்கும் அந்த இன்னொரு பெண்குரல், குடோன் முழுக்கக் கேட்கும்படி சொன்னது:

"நீங்கள் சேர வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டீர்கள்."